வில்டா ஹிங்கிள் வாங்கிய துப்பாக்கி

எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் வில்டா ஹிங்கிளின் கையால் சாப்பிட்டவர்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். பீன்ஸ் சூப், சோளரொட்டி, வெள்ளிக்கிழமையானால் சதுரமாக வெட்டிய பீட்சா. போலீஸ்காரன், பாதிரியார், ஜெயிலுக்குப் போய் வந்தவன் எல்லோரும் அவளிடம் தட்டை நீட்டியவர்கள்தான். இன்னும் கொஞ்சம் என்று கேட்டால் அள்ளிப் போடுவாள். மிச்சம் வைத்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவாள். தூக்கி இறக்கிய பானைகளின் கனமெல்லாம் கடைசியில் விரல் மூட்டுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை மாட்டுவதற்கான ஆணியை அவள் மகன் ஷேன்தான் அடித்துக் கொடுத்தான்.

மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைகளில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. வில்டாவின் அப்பா வீட்டிலும் இருந்தது, கணவர் ஹோமர் வீட்டிலும் இருந்தது. குடையையும் மண்வெட்டியையும்போல அதுவும் ஒரு மூலையில் சாத்தியிருக்கும். ஆண்கள் மானைச் சுட்டுக் கொண்டுவருவார்கள், அவள் வெட்டிப் பதப்படுத்திச் சமைப்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு. கைத்துப்பாக்கி என்பது வேறு ரகம். அதை யாரும் மானுக்காக வாங்குவதில்லை. அது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

அறுபத்தேழு வயதில் வில்டா அப்படி ஒன்றை வாங்கப் போனாள்.

அக்டோபரில் ஷேன் தன் மனைவி கெண்ட்ராவின் தாடையை உடைத்தான். குடித்திருந்தான் என்று அவன் சித்தப்பா சொன்னார். குடிக்காமல் இருந்தான் என்று கெண்ட்ரா தாளில் எழுதிக் காட்டினாள், வாயைத் திறக்க முடியாததால். ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். கெண்ட்ராவுக்குப் போக வேறு இடமில்லை. வில்டா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகளைக் கூட்டி வந்தது பற்றி ஊர் இரண்டு விதமாகவும் பேசியது. வில்டா பீன்ஸை மசித்து, வடிகட்டி, உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஷேன் மனைவியின் பக்கம் போகக்கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று நீதிபதி ஆணை போட்டார். அடுத்த நாளே காவல் துறையின் கட்லிப் அவள் வாசலில் வந்து நின்றான். அவனும் ஷேனும் பள்ளியில் ஒரே அணியில் கால்பந்து ஆடியவர்கள். அவன் கையில் போர்வையில் சுற்றிய நீளமான மூட்டை ஒன்று இருந்தது.

"மிஸ் வில்டா, இத எங்க வெக்கட்டும்?"

"என்னது அது?"

"ஷேனோட துப்பாக்கி, மூணு. எங்ககிட்ட வெக்க எடமில்ல. சொந்தக்காரங்க யாராச்சும் வெச்சுக்கலாம்னு இருக்கு. அவன் உங்க பேரத்தான் சொன்னான்."

"அவன் பொண்டாட்டி இங்கதான் இருக்கா. தெரியுமா உனக்கு?"

கட்லிப் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அம்மா வீட்ட விடப் பத்திரமான எடம் வேற எது, சொல்லுங்க?"

எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் தப்பாகத் தோன்றாது. துப்பாக்கி குடும்பச் சொத்து, அதைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வில்டாவுக்கும் அந்த நிமிஷத்தில் மறுக்கத் தோன்றவில்லை. ஹோமர் செய்த கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் மூன்றையும் நிறுத்திப் பூட்டினாள். சாவியை எப்போதும் மாட்டும் இடத்திலேயே, கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். மாட்டிய பிறகுதான் அது ஷேன் அடித்த ஆணி என்பது நினைவுக்கு வந்தது.

கெண்ட்ரா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சு பற்களுக்கு நடுவிலிருந்து கசிந்து வரும். பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும்.

"அம்மா, இது இங்க இருந்தா அவன் வருவான்."

"கதவப் பூட்டிக்கலாம்."

"பூட்டே அவன் போட்டதுதான்."

அன்று கெண்ட்ராவே மூன்று துப்பாக்கியிலிருந்தும் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டுகளைக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் ரைஃபிள் வெறும் தடிதான். தண்டுகளை ரொட்டி வந்த பையில் போட்டுக் கட்டி, உறைபெட்டியின் அடியில், பீன்ஸ் பொட்டலங்களுக்குக் கீழே வைத்தாள் வில்டா. அலமாரியைப் பூட்டியாயிற்று, தண்டுகளை ஒளித்தாயிற்று. அப்புறம் அவன் வந்து நின்றால் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். ஒரு கரண்டி இருந்தது.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தீவனமும் துப்பாக்கியும் விற்கிற கடை லைலுடையது. வில்டா அங்கே கோழித்தீவனம் வாங்கத்தான் போவாள். அன்று மூட்டைகளைத் தாண்டிக் கண்ணாடிப் பெட்டி வரைக்கும் அவள் போனதைப் பார்த்து லைல் எழுந்தான்.

"மிஸ் வில்டா, தீவனம் அந்தப் பக்கம்."

"தெரியும். கைத்துப்பாக்கி ஒண்ணு வேணும்."

"யாருக்கு, உங்களுக்கா?"

"பின்ன கோழிக்கா?"

அடுப்புப் பக்கத்தில் காபிக் குவளையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் வில்டாவின் கொழுந்தன் டெல்பர்ட்டோடு வருஷாவருஷம் மான்வேட்டைக்குப் போகிறவன்.

"இதுக்கு முன்னாடி கையில ஏதாச்சும் வெச்சிருந்திருக்கீங்களா?"

"கரண்டி."

"அந்தக் கரண்டியப் பாத்து நான் பயந்த பயத்துக்கு, உங்களுக்குத் துப்பாக்கியே தேவையில்ல." லைல் சிரித்துக்கொண்டே பெட்டியின் மேல் ஒரு துணியை விரித்தான். "சரி, எதுக்கு? அதச் சொன்னாத்தான் சரியானத எடுக்க முடியும்."

முதல்முறை வாங்க வருகிற எல்லோரிடமும் அவன் கேட்கிற கேள்வி அது. கைப்பையில் வைக்க ஒன்று, படுக்கைப் பக்கத்தில் வைக்க ஒன்று, பொழுதுபோக்காகச் சுட ஒன்று. வில்டா எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள், இப்படிக் கேட்பார்கள் என்பதைத் தவிர. முதுகுக்குப் பின்னால் காபி உறிஞ்சுகிற சத்தம் நின்றிருந்தது.

"நரி," என்றாள். "கோழிக்கு வருது."

"நரிக்குக் கைத்துப்பாக்கி எதுக்கு? ஹோமரோட ஷாட்கன் என்னாச்சு?"

"டெல்பர்ட் எடுத்துட்டுப் போயிட்டான். அதுவுமில்லாம என் தோளு வாங்காது."

"எவ்வளவு தூரத்துல நிக்குது?"

"வாசப்படி வரைக்கும் வருது."

லைல் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "வாசப்படி வரைக்கும் வருதுன்னா அது வெறி புடிச்சதா இருக்கும், மிஸ் வில்டா."

"பயமுறுத்துனா ஓடிராதா?"

"வெறி புடிச்சது எதுக்கும் பயப்படாது."

அதன் பிறகு அவன் கேள்வி கேட்கவில்லை. முதலில் ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ரோஸ் நிறத்தில் பிடி.

"பொம்பளைங்க கேக்கறது இதுதான். புருசங்க பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுக்கறதும் இதுதான்."

"பல்லு தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கு."

அடுத்து ஒரு பிஸ்டல். முதல் குண்டை ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். வில்டா இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடியைக்கூட இப்போதெல்லாம் கெண்ட்ராதான் திறந்து கொடுக்கிறாள். அதை லைலிடம் சொல்லவில்லை, பிஸ்டலைத் துணியின் மேல் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

கடைக்குப் பின்னால் ஒரு மண்மேடு. வாங்குகிறவர்கள் அங்கே நின்று சுட்டுப் பார்க்கலாம். மேட்டில் ஆள் உருவம் அச்சடித்த காகிதம் ஒன்று குத்தியிருந்தது. அகலமான தோள், நெஞ்சில் வட்டம் வட்டமாகக் கோடு. வில்டா அதைப் பார்த்தபடி நின்றாள். சின்ன ரிவால்வரை லைல் அவள் கையில் கொடுத்த பிறகும் தூக்கவில்லை.

"வேற படம் இல்லையா?"

லைல் உள்ளே போய் விருந்துக்கு வைக்கிற காகிதத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஆள் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் குத்தினான். ஊரில் யாருக்குத் தெரியாது கெண்ட்ராவின் தாடை? அவனுக்கும் தெரியும்.

சின்னது வெடித்ததும் அவள் கை, துணியில்லாமல் கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதுபோல் பின்னால் பாய்ந்தது. கட்டைவிரலின் அடி விண்விண்ணென்று தெறித்தது.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு ஏன் இந்த உதை உதைக்குது?"

"இத்தனூண்டு இருக்கறதாலதான். கனம் இருந்தா உதைய அது வாங்கிக்கும். இல்லைன்னா உங்க கை வாங்கும்."

"தெரிஞ்சுமா இதப் பொம்பளைங்களுக்கு விக்கிற?"

"கேக்கறாங்க. ஒருவாட்டி சுட்டுட்டு அலமாரில போட்டுருவாங்க. அப்புறம் தொடறதே இல்ல."

"நான் கேக்கல. வேற எடு."

கடைசியில் அவன் கொண்டுவந்தது எப்போதோ போலீஸ்காரர்கள் வைத்திருந்த பழைய ரிவால்வர். முழுக்க இரும்பு, குழல் நீளம், பிடியின் மரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. வில்டா அதைக் கையில் வாங்கியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவள் வீட்டு இரும்பு வாணலியின் கனம். அந்தக் கனத்தோடு அவளுக்கு ஐம்பது வருஷப் பழக்கம். இரண்டு கையாலும் பிடித்தாள். விசையை நேராக அழுத்த விரலுக்குப் பலமில்லை. பின்னால் கொக்கிபோல நிற்கிற சுத்தியை முதலில் இழுத்து நிறுத்திவிட்டால் விசை லேசாகிவிடும் என்று லைல் காட்டினான். ஒரு கட்டைவிரலால் முடியவில்லை. இரண்டு கட்டைவிரலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இழுத்தாள். கட், கட் என்று இரண்டு தரம் சத்தம் கேட்டு நின்றது. சுட்டாள். உதை வந்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. தட்டின் விளிம்பில் ஓட்டை விழுந்தது.

"இது," என்றாள்.

"பையில அடங்காது. இடுப்புல வெச்சாலும் தெரியும். பத்தடி தள்ளி நிக்கறவனும் பாத்துருவான்."

"பாக்கட்டும்."

லைல் அதை வாங்கிக் குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, சுத்தியை இறக்குவதைக் காட்டினான். இழுத்து நிறுத்திய பிறகு சுட வேண்டாம் என்றால், சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட வேண்டும். வழுக்கினால் சுட்டது மாதிரிதான். வில்டா ஒரு தடவை எப்படியோ செய்தாள். வீட்டில் குண்டில்லாமல் பழகிக்கொள்ளச் சொன்னான். சரி என்று தலையாட்டினாள். ஆனால் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே கெண்ட்ரா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு பழகுவது நின்றுபோனது.

புறப்படும்போது லைல் தீவன மூட்டையை வண்டி வரைக்கும் தூக்கி வந்தான்.

"ஒண்ணு சொல்லணும், மிஸ் வில்டா. புதுசா வாங்கற எல்லாருக்கும் சொல்றதுதான். எத அழிக்க மனசு இருக்கோ அத நோக்கித்தான் குழல நீட்டணும். சும்மா மிரட்டறதுக்குன்னு நீட்டவே கூடாது."

"நரிக்குமா?"

"நரிக்குத்தான் சொல்றேன்."

நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் என்கிற நன்றியறிதல் விருந்து வருகிற வாரத்தின் திங்கட்கிழமைதான் எங்கள் பக்கத்தில் மான்வேட்டைக்கு முதல் நாள். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. பாதிக் கடைகள் திறப்பதில்லை. ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் அன்று காட்டில் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அல்லது சவப்பெட்டியில். ஹிங்கிள் குடும்பத்து ஆண்கள் மூன்று தலைமுறையாக ஒரே மலைச்சரிவில், ஒரே தகரக் குடிசையில் கூடுவார்கள். வில்டா ஒவ்வொரு வருஷமும் முந்தின நாள், மாவுத் தட்டில் பூசணி விழுதை நிரப்பிச் சுடுகிற பூசணிப் பை என்கிற இனிப்பு இரண்டு செய்து கொடுத்தனுப்புவாள்.

இந்த வருஷமும் சுட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து டெல்பர்ட் அதை வாங்கிப் போக வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"வில்டா, ஷேனோட ரைஃபிள் ஒண்ணு மட்டும் குடு. நாளைக்கு ஒரு நாளைக்கு. சாயங்காலம் நானே கொண்டாந்து வெச்சுடறேன்."

"நீதிபதி என்ன சொன்னாருன்னு தெரியுமில்ல?"

"நீதிபதியே நாளைக்குக் காட்டுலதான் இருப்பாரு."

"இருக்கட்டும். நான் குடுக்க மாட்டேன்."

"முதல் நாள் வில்டா. அப்பனும் தாத்தனும் சுட்ட காடு. அவன் மட்டும் கைய வீசிக்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல உக்காந்திருப்பானா?"

"உக்காந்து காபி போடட்டும். யாராச்சும் போடத்தானே வேணும்."

"கிண்டல் பண்ணாத. எல்லாரும் அவனையே பாப்பாங்க. நீ அவனப் பெத்தவ."

"பெத்தவங்கறதாலதான் சொல்றேன். எனக்கு அவனத் தெரியும்."

டெல்பர்ட் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தாடை ஆறு வாரத்துல கூடிரும். ஒரு ஆம்பளையோட மானம் போனா கூடுமா?"

வில்டா பூசணிப் பைகளின் மேல் துணியைப் போட்டு மூடி அவர் கையில் கொடுத்தாள். "சூடா இருக்கு. சாய்ச்சுராத."

"சரி. நீ குடுக்கலைன்னா என்கிட்ட இருக்கறதுல ஒண்ணு குடுத்துக்கறேன்."

"டெல்பர்ட். குடுக்காத."

"ஒரு நாள்தானே!" என்றபடியே அவர் படியிறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. ஹோமர் செத்த வருஷம் குளிர்காலம் முழுக்க அவளுக்கு விறகு பிளந்து போட்டவர்.

அவர் போனதும் வில்டா போனை எடுத்தாள், வைத்தாள். போலீசுக்குச் சொன்னால் டெல்பர்ட்டையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்ததாகும். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காமலும் போகலாம். அவன் காட்டுக்குப் போய் ஒரு மானைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்று முழுக்க இதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கள் விடிந்ததிலிருந்து மலைகளில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊருக்கு அது கொண்டாட்டச் சத்தம். வில்டா முன்வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, காலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கூடை ஆப்பிளோடு உட்கார்ந்தாள். கெண்ட்ராவை உள்ளே இருக்கச் சொன்னாள். ஆப்பிள் தோலைச் சீவிக் கிண்ணத்தில் போட்டாள். ரிவால்வர் மடியில் கிடந்தது.

வெயில் வராந்தாவுக்கு ஏறியபோது ஷேனின் பிக்கப் வண்டி வந்து நின்றது. வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டையோடு இறங்கினான். வண்டிக்குள், இருக்கைக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் டெல்பர்ட்டின் ரைஃபிள் படுக்க வைத்திருந்தது தெரிந்தது.

"அம்மா."

"அங்கயே நில்லு ஷேன்."

"கெண்ட்ராகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்."

"அவளால பேச முடியாது. வாயில கம்பி."

"நான் பேசறேன், அவ கேக்கட்டும்."

"ரொம்ப நாளாக் கேட்டுட்டா."

அவன் படியை நோக்கி நடந்தான். பாதி வழியில் அவன் கண் அவள் மடியில் விழுந்தது. நின்றான். சின்னதாக, ரோஸ் பிடி போட்டதாக இருந்திருந்தால் போர்வை மடிப்பில் மறைந்திருக்கும், அவன் படியேறி வந்திருப்பான். இது மறையவில்லை.

"என்னம்மா அது?"

"கண்ணு தெரியலையா?"

"யாரோடது?"

"என்னோடது. வாங்குனேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "நீயா? எலிப்பொறில எலி விழுந்தா என்னக் கூப்புடுவியே. எதுக்கு வாங்குன?"

லைல் கேட்டதும் அதே கேள்விதான். இந்த முறை அவளுக்கு நரி ஞாபகம் வரவில்லை.

"உனக்கு."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, எடுக்க மறந்ததுபோல. மலையில் எங்கேயோ யாரோ அடுத்தடுத்து இரண்டு தடவை சுட்டார்கள்.

"எங்க, நீட்டு பாப்போம்," என்றான். ஒரு அடி எடுத்து வைத்தான். "பெத்த புள்ளைய நோக்கி நீட்டு. பாக்கறேன்."

"நீட்டுனா சுடணும், ஷேன். அதான் நீட்டாம வெச்சிருக்கேன்."

அவன் முதல் படியில் காலை வைத்தான். வில்டா குழலை வராந்தாப் பலகைக்கு நேராகத் திருப்பி, இரண்டு கட்டைவிரலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து இழுத்தாள். கட், கட். அந்தச் சத்தம் என்னவென்று எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஷேன் படியிலிருந்து காலை எடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். அவள் அழவில்லை. தட்டில் மிச்சம் வைத்த பிள்ளையைப் பார்க்கிற பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அம்மான்னு யாரும் இல்ல," என்றான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். உடனே கிளப்பவில்லை. அவன் கை பின்னால் போய் ரைஃபிளின் மேல் இருந்ததை அவள் பார்த்தாள். அப்புறம் கை முன்னால் வந்தது. வண்டி திரும்பிப் போனது.

வில்டாவுக்கு மூச்சு வந்தது. துப்பாக்கியைக் கீழே வைக்கலாம் என்று நினைத்தபோதுதான் சுத்தி மேலேயே நிற்பது உறைத்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள். மூட்டு மடங்க மறுத்தது. வழுக்கினால் சுட்டது மாதிரிதான் என்று லைல் சொன்னது காதிலேயே நின்றது. ஆட்டாமல், கீழே வைக்காமல், பலகையை நோக்கிய குழலோடு அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கெண்ட்ரா! போன எடுத்துட்டு வா!"

கெண்ட்ரா ஓடி வந்தாள். போலீஸ் அவசர எண்ணை அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். கெண்ட்ரா பற்களுக்கிடையே எதையோ சொன்னாள். அந்தப் பெண், "புரியல, இன்னொருவாட்டி சொல்லுங்க," என்றாள். மறுபடி சொன்னாள். "குடிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டது குரல்.

"எங்கிட்ட குடு," என்றாள் வில்டா.

இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்ததால் கெண்ட்ரா போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று வில்டா சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். மகனின் பெயரைச் சொன்னாள். அவனிடம் துப்பாக்கி இருக்கிறது, இருக்கக்கூடாது, இப்போது எந்தச் சரிவில் எந்தக் குடிசைக்குப் போயிருப்பான் என்பதையும் வழி சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். துப்பாக்கி யாருடையது என்று கேட்டார்கள். அதையும் சொன்னாள்.

கட்லிப் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வந்தான். அதற்குள் அவள் கைகள் மரத்துப்போய் நிறம் மாறியிருந்தன.

"மிஸ் வில்டா, விடுங்க. நான் புடிச்சுக்கிட்டேன்."

"விட வரல."

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தியை இறக்கிக் குண்டுகளை எடுத்துக் கிண்ணத்திலிருந்த ஆப்பிள் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"அன்னைக்கு அந்த மூட்டைய நான் இங்க கொண்டாந்திருக்கக் கூடாது."

"நான் வாங்கி வெச்சிருக்கக் கூடாது," என்றாள் வில்டா. "போ. அவன் கையில ஒண்ணு இருக்கு. பாத்துப் போ. அவனச் சுட்டுறாத."

சுடவில்லை. ஷேனைக் குடிசை வாசலிலேயே, மாமன் மச்சான் எல்லோருக்கும் நடுவில், ஆரஞ்சுச் சட்டையோடு கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். டெல்பர்ட்டின் ரைஃபிள் பக்கத்து மரத்தில் சாத்தியிருந்தது. ஷேன் திமிறவில்லை. "கூப்ட்டது அம்மாவா?" என்று மட்டும் கேட்டானாம். கட்லிப் வண்டிக் கதவைத் திறந்துவிட்டானாம். டெல்பர்ட் மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள்.

வியாழக்கிழமை நன்றியறிதல் விருந்து. எப்போதும் இருபது பேர் உட்காருகிற மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். வில்டா வான்கோழியின் சாற்றை உருளைக்கிழங்கு மசியலில் விட்டு நீர்க்கக் கரைத்துக் கெண்ட்ராவுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் மானின் பின்தொடை வில்டா வீட்டுக்கு வரும், அது ஹோமர் காலத்து ஏற்பாடு. இந்த வருஷம் வரவில்லை. பூசணிப் பை சுட்ட பாத்திரங்கள் இரண்டும் மட்டும் மறுநாள் காலையில் வராந்தாவில் இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி வாதுமைக் கொட்டையாவது போட்டுத் தருவார்கள். இவை கழுவாமல் வந்திருந்தன. ஓரங்களில் பூசணி காய்ந்து ஒட்டியிருந்தது. வில்டா அவற்றை வெந்நீரில் ஊறப் போட்டாள்.

ஷேனைப் பார்க்க இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனாள். அவன் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினான். இரண்டாவது தடவை அவள் சாப்பாட்டு நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே என்ன போடுகிறார்கள் என்று காவலரிடம் கேட்டாள். பீன்ஸ் என்றார். திரும்பி வந்தாள்.

கம்பி எடுத்த பிறகு கெண்ட்ராவுக்கு ஒஹையோவில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அவள் வாய் நிறையப் பேசினாள், பேச்சு இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

"நீங்களும் வந்துருங்கம்மா. இங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"கோழி இருக்கு."

"அவன் வெளிய வருவான்."

"வருவான். வந்தா வர்ற எடம் இதுதான். நீ எந்த ஊர்ல இருக்கேன்னு என்கிட்டக்கூடச் சொல்லாத. ஒஹையோ பெருசு, அது போதும்."

கெண்ட்ரா கட்டிக்கொண்டு அழுதாள். வில்டா அவளுடைய கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு தட்டுதான் கழுவ வேண்டியிருந்தது.

பனி உருகத் தொடங்கிய வாரம் அவள் லைல் கடைக்குப் போனாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அவளைப் பார்த்ததும் குவளையோடு எழுந்து வெளியே போனார்கள். வில்டா துணியில் சுற்றிய ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"திருப்பி எடுத்துக்கட்டுமா, மிஸ் வில்டா?" லைல் மெதுவாகக் கேட்டான். "நான் எடுத்துக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"அப்ப குண்டு வேணுமா?"

"அதுவும் வேணாம். சுத்திய எறக்கறது எப்படின்னு இன்னொருவாட்டி காட்டு. அன்னைக்கு எனக்கு அது மட்டுந்தான் வரல."

பின்பக்கம் போனார்கள். மண்மேட்டில் பழைய காகிதத் தட்டு மழையில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டில்லாத துப்பாக்கியை அவள் கையில் கொடுத்து லைல் காட்டினான். அவள் இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தாள். இறக்கும்போது வழுக்கிச் சுத்தி டக்கென்று விழுந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி வழுக்கியது.

"இன்னிக்குப் போதும். கை வீங்கிருச்சு."

"அவன் வர்றப்ப இத விட மோசமாத்தான் இருக்கும்," என்றாள் வில்டா. கையை வாயருகே கொண்டுபோய் ஊதிச் சூடாக்கிக்கொண்டாள். "நீ கடையப் பாரு. நான் இங்க நின்னு பழகறேன்."

லைல் உள்ளே போனான். தீவன மூட்டைகளை அடுக்கிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டான். கட், கட். அப்புறம் ஒன்றுமில்லை, ரொம்ப நேரம். அப்புறம் டக்கென்று விழுகிற சத்தம். மறுபடியும் கட், கட்.

கடை சாத்துகிற வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.